துணி அறைக்குக் கதவு இரண்டு

(தென்காசியில் நடைபெற்ற நம் அறக்கட்டளையின் மகளிர் தையற் பிரிவுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேசப்போவது துணியைப் பற்றி. பெருநாள் துணியோ கல்யாணப் பட்டோ அல்ல. பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் பழஞ்சேலை, பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டை, தையல்கடை மேசைக்குக் கீழே விழுகிற வெட்டுத்துணி ஆகியவற்றைப் பற்றி. இவற்றைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைத்து, தனியாக வாழும் முதியவர்களுக்கும், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாகத் தரையில் படுத்திருப்பவர்களுக்கும் கொடுப்பது என்று முடிவெடுத்ததைத் தாங்கள் அறிவீர்கள். மாடியில் ஓர் அறையும் ஒதுக்கியாகிவிட்டது. அறிவிப்புச் செய்த நாள் முதல் மூட்டைகள் வந்துகொண்டிருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். கொடுக்கிற மனத்துக்கு நம் ஊரில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. வந்ததை எப்படி வைப்பது, எவ்வளவு வைப்பது, எந்த இடத்தில் "போதும்" என்று சொல்வது என்பதுதான் இன்றைக்கு உள்ள பேச்சு.

2004 டிசம்பர் 26-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் நாடெங்குமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. அனுப்பியவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். ஆனால் கடலோர மக்கள் உடுத்தாத உடை, கிழிந்த உடை, பிரித்துப் பார்க்க ஆளில்லாத மூட்டை என்று பெரும்பகுதி சாலையோரத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. அந்தத் துணியை எடுத்துப் பிரித்து, பயனுள்ளதாக்கும் வேலையில் இறங்கியவர்களில் டெல்லியின் கூஞ்ச் அமைப்பும் ஒன்று. அன்ஷு குப்தா 1999-ல் தொடங்கிய அமைப்பு அது; 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. துணி கொடுப்பது வேறு, துணி போய்ச் சேருவது வேறு என்பதை அவர்கள் வேலையாகச் செய்து காட்டினார்கள். நடுவில் இருக்கிறவர்கள் சரியாக இல்லாவிட்டால் ஸதகா குப்பையாகிவிடும். அந்த நடுவில் இப்போது நாம் நிற்கிறோம்.

ஒட்டுப்போர்வை நமக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார் பழஞ்சேலையை நாலாக மடித்து ஓரம் தைத்துப் பிள்ளைக்கு விரித்தார்கள். வங்காளத்தில் இதையே காந்தா என்கிறார்கள். அங்கே ஒரு காலத்தில் தைக்கிற நூலைக்கூடப் பழைய சேலையின் கரையிலிருந்துதான் உருவி எடுப்பார்களாம். ஆனால் நாம் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளத் தக்கவர்கள் இன்னும் பக்கத்தில், கர்நாடகத்தில் இருக்கிறார்கள். வட கன்னட மாவட்டத்தில் யெல்லாப்பூர், ஹளியாள், முண்ட்கோடு பகுதிக் காட்டோர ஊர்களில் சித்தி என்ற இனத்தார் வாழ்கிறார்கள். (சின்னம்மாவை அழைக்கிற சித்தி அல்ல, இது இனத்தின் பெயர்.) முன்னொரு காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி அவர்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. மூன்று சமயப் பெண்களும் ஒரே முறையில் தைக்கிற போர்வைக்குக் கவண்டி என்று பெயர்.

பழைய சேலை ஒன்றை முதுகாக விரித்துக்கொள்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தோடு துண்டுகளை மடித்து வைத்து ஓடுதையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேருகிறார்கள். முன்கூட்டி வரைந்த படம் இல்லை, இயந்திரம் இல்லை. சில முஸ்லிம் வீட்டுப் போர்வைகளில் பிறை இருக்கும். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த சிறு துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூ என்று பொருள்படும் பெயர். அது இல்லாமல் போர்வை முடிந்ததாக அவர்கள் கொள்வதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் 2004 வாக்கில் அவர்களிடையே ஆய்வு செய்து, பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து விற்க உதவினார். 2011-ல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் அந்தப் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. உடுத்தித் தேய்ந்த துணியில் தைத்த போர்வைக்குக் கிடைத்த மரியாதை அது. கிழிந்ததைத் தைப்பது குறைவான காரியம் என்று நினைக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை மதரஸாவில் ஓதிய பிள்ளை அறியும்; தையல் ஊசி எடுக்கும்போது அது நினைவுக்கு வரவேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒட்டுப்போர்வை தைப்பது பெரிய பொழுதுபோக்கு. கடைகளில் அதற்கென்றே புதுத்துணியைச் சிறு துண்டாக நறுக்கி, நிறம் நிறமாக அடுக்கி விற்கிறார்கள். பெண்கள் வாங்கி வாங்கி அலமாரி அலமாரியாக வைத்திருப்பார்கள். இனி ஆயுள் முழுக்கத் தைத்தாலும் தீராத அளவு துணி சேர்ந்துவிட்டது என்று அவர்களுக்குள் ஒரு கேலியே இருக்கிறது. சொந்தக் காசில் வாங்கி வீட்டில் வைத்தவருக்கு அது கேலி. பிறர் கொடுத்ததைப் பூட்டி வைக்கிற நமக்கு அப்படி இருக்க முடியாது.

ஆகவே முதலில் கணக்கு. நாம் தைப்பது 5 அடிக்கு 7 அடிப் போர்வை. சேலை பொதுவாக ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி நீளம்; அகலம் ஏறக்குறைய மூன்றே முக்கால் அடி. முதுகுத் துணிக்கு ஐந்தேகால் அடி நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி அகலவாட்டில் இணைத்தால் ஏழரை அடி வருகிறது. ஓரம் மடிக்கவும் இடம் இருக்கிறது. பத்தரை அடி போக ஏழரை அடி மிச்சம். அதில் இன்னொரு ஐந்தேகால் அடி வெட்டினால் மூன்றரைக்கு ஐந்து அடியில் ஒரு பிள்ளைப் போர்வைக்கு முதுகு ஆயிற்று. மிஞ்சுவது இரண்டேகால் அடி. அது மேல்துண்டுகளோடு சேரட்டும். ஒரு சேலைக்கு ஒரு பெரிய போர்வை, ஒரு சின்னப் போர்வை என்று மனத்தில் வையுங்கள். இரண்டு பெரிய போர்வை வரும் என்று யாராவது சொன்னால் அளவுநாடாவை அவர் கையில் கொடுங்கள்.

மெல்லிய பருத்தி சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கிராம் வரை இருக்கும். முதுகு, நடு, மேல் என்று மூன்று அடுக்கு, மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதும் சேர்த்தால் பெரிய போர்வைக்கு ஒன்றரை கிலோ துணி என்று கொள்ளலாம். பத்துப் பேர் தைத்து, வீட்டு வேலைக்கு நடுவில் ஆளுக்கு மாதம் ஒன்று முடித்தால் மாதம் 15 கிலோ செலவாகும். ஆறு மாதத்துக்கு 90 கிலோ. நம் அறையின் உச்சவரம்பு அதுதான். அறையில் இடம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அறையின் அளவு நமக்குக் கணக்கல்ல. தைக்கிற கைகளின் அளவுதான் கணக்கு. கை கூடினால் வரம்பு கூடும். 90 கிலோ நிறைந்துவிட்டால், பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்து வாங்குவதை நிறுத்திவிட வேண்டும். கொடுப்பவர்களை வருத்தப்படுத்தலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். கொடுத்த துணி நம்மிடம் மக்கிப்போனதைப் பிற்பாடு அவர் பார்த்தால் அதைவிட வருந்துவார்.

அடுத்து, கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். வருகிற துணி யாருடையது?

வீட்டில் ஒரு மவுத் ஆனதும் மய்யித்தின் உடைகளைக் கட்டித் தூக்கிக் கொடுத்துவிடுவது நம்மிடையே வழக்கம். துக்கத்தில் பார்க்கச் சகிக்காமல் கொடுக்கிறார்கள், அது புரிகிறது. ஆனால் இறந்தவர் விட்டுச்சென்ற ஒரு கைக்குட்டைகூட வாரிசுகளின் சொத்து. எல்லோரும் பருவமடைந்தவர்களாக இருந்து மனமொப்பிக் கொடுத்தால் ஏற்கலாம். வாரிசுகளில் சிறுபிள்ளை இருந்தால், அதன் பங்கை வேறு யாரும் தருமம் செய்ய முடியாது. நல்ல பட்டுச்சேலையும் சால்வையும் அந்த மூட்டைக்குள் இருக்கும். ஆகவே மய்யித் வீட்டு மூட்டை வந்தால், "பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியுமா, சின்னப் பிள்ளை இருக்கிறதா" என்று மெதுவாகக் கேளுங்கள். நாற்பது நாள் கழித்து வாருங்கள் என்று சொன்னாலும் தப்பில்லை. உம்மாவின் சேலை ஒன்றாவது இருந்திருக்கலாமே என்று மகள் பிறகு தேடி வருவதும் உண்டு. அதனால்தான் அப்படிப்பட்ட மூட்டையை மூன்று மாதம் வெட்டாமல் தனித்தட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

தையல்கடை வெட்டுத்துணியும் அப்படியே. வாடிக்கையாளர் இரண்டரை மீட்டர் கொடுத்து, சுடிதாருக்கு இரண்டேகால் போதுமானதாக இருந்தால், மீதிக் கால் மீட்டர் தையற்காரருடையது அல்ல; துணி கொடுத்தவருடையது. அமானிதம். விரலகல நறுக்குகளை யாரும் பொருட்படுத்துவதில்லை, அது வழக்கத்தில் விடுபட்டது. ஆனால் ஒரு குழந்தைச் சட்டைக்கு ஆகிற துண்டு அப்படியல்ல. ஆகவே கடைக்காரச் சகோதரர்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறோம்: உடுப்பைக் கொடுக்கும்போது "மிச்சத் துணி வேண்டுமா, டிரஸ்டுக்குக் கொடுக்கட்டுமா" என்று கேட்டு, சரி என்றதை மட்டும் தனிப் பையில் போடுங்கள். கேட்டால் அநேகமாக எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம். ரெடிமேட் பட்டறை வெட்டுத்துணி என்றால் முதலாளியின் சொல் வேண்டும். வெட்டுகிற பையன் தூக்கிக் கொடுத்ததை வாங்காதீர்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. "இதை வெட்டலாமா?" சிலர் ஏழைகள் உடுத்தட்டும் என்று நிய்யத் வைத்து நல்ல சேலையைக் கொடுக்கிறார்கள். அதை நாம் துண்டு போட்டால் அவர் எண்ணியது நடக்கவில்லை. உடுத்தத் தக்கது உடுத்துகிறவருக்கே போகட்டும். அதற்குத் தனி மூட்டை.

இனி பிரிப்பது. அமெரிக்கப் பெண்கள் நிறத்தை வைத்து அடுக்குவார்கள், பார்க்க அழகாக இருக்கும். நமக்கு முதலில் பார்க்க வேண்டியது நூலின் இனம். பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் முதல் சலவையிலேயே போர்வை கோணிக்கொள்ளும். பனியன் துணி இழுத்தால் நீளும், அதுவும் ஒத்துவராது. கையில் பிடித்துச் சொல்ல முடியாவிட்டால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாய் உதிரும். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கறுப்பாய் மணி கட்டும். பட்டு முடி கருகுகிற வாடை அடிக்கும். மடியில் வைத்துக் கொளுத்த வேண்டாம், தட்டில் வைத்து.

பருத்தியில் நமக்கு வாய்த்த பொக்கிஷம் துப்பட்டி. கறுப்பு அபாயா வருவதற்கு முன் நம் உம்மாமார் வெளியே போகும்போது போர்த்திக்கொண்ட வெள்ளைத் துப்பட்டி எத்தனையோ பெட்டிகளில் சும்மா கிடக்கிறது. சாயம் இல்லை, பல சலவை கண்டு சுருங்கி முடிந்த துணி, பஞ்சு மாதிரி இருக்கும். போர்வையின் நடு அடுக்குக்கு அதைவிட நல்லது கிடையாது. கடையநல்லூர்ப் பக்கம் தறி ஓடிய வீடுகளில் பழைய கைத்தறிக் கைலி இருக்கும், அதுவும் அப்படியே. பாலியஸ்டரையும் பனியனையும் சேர்க்கவே வேண்டாம். பாலியஸ்டரைத் திரித்து மிதியடி பின்னலாம். பனியன் துணியை மெக்கானிக் கடைகளில் துடைப்பதற்கு 'வேஸ்ட்' என்று கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். விற்ற காசில் நூற்கண்டு வாங்கலாம்.

எதையும் துவைக்காமல் அறைக்குள் ஏற்றக்கூடாது. சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், ஒட்டினால் தனியே வையுங்கள். கஞ்சி முழுக்கப் போக வேண்டும். கஞ்சியைத் தின்னத்தான் வெள்ளிப்பூச்சி வருகிறது. கொக்கி, ஊக்கு, பொத்தான் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு ஒரு காந்தத்தால் தடவிவிடுங்கள். பிள்ளைப் போர்வைக்குள் ஒரு ஊக்கு போய்விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு கட்டை விரலாலும் இழுத்துப் பாருங்கள். அதிலேயே கிழிந்தால் நடு அடுக்குக்கும் ஆகாது. சேலையில் கொசுவம் விழுகிற இடமும் தரையில் உரசுகிற கரையும் முதலில் போகும். முந்தியும் உள்தலைப்பும் நன்றாகவே இருக்கும். முழுச் சேலையையும் தள்ளிவிடாதீர்கள்.

வைப்பது பற்றி வேறு ஊர்க்காரர்கள் சொல்கிற யோசனை நமக்கு முழுக்கப் பொருந்தாது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் ஊர் உலகமே ரசிக்க வருகிறது. துணிக்கு அதுதான் சோதனைக் காலம். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று நேரே நம் மேல் அடிக்கிறது. மேற்குச் சுவர் ஈரம் ஏறிக் கிடக்கும். ஆகவே அலமாரியை மேற்குச் சுவரை ஒட்டிப் போடக்கூடாது. நாலு விரல் இடைவெளியாவது வேண்டும், தரையிலிருந்தும் உயரம் வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் கரும்புள்ளி விழும், பிறகு எந்தச் சோப்புக்கும் போகாது. பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள், காற்று நுழையும். மாசி, பங்குனி வெயிலில் எல்லாவற்றையும் ஒரு முறை காயவைத்து, சூடு ஆறிய பிறகு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக் கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். ஜரிகைக்கு இன்னும் சீக்கிரம். சாரல் நாளில் துவைக்கவே வேண்டாம். அந்த இரண்டு மாதமும் தைப்பதற்குரிய காலம்.

பாச்சை உருண்டை நம் அறைக்குள் வரக்கூடாது என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறோம். வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள், பார்த்தால் தெரியாது. பாச்சை உருண்டையோடு கிடந்த துணியில் அந்தக் குழந்தையைச் சுற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, மஞ்சள் காமாலை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குப் போகலாம். காய்ந்த வேப்பிலை, வசம்பு போதும். துணிப்பையில் கட்டிப் போட்டு, வாசனை போனதும் மாற்றுங்கள்.

கணக்குப் புத்தகம் ஒன்றுதான். வந்த எடை, போன எடை, முடிந்த போர்வை. ஒவ்வொரு கட்டிலும் வந்த மாதம் எழுதிய சீட்டு இருக்கும். புதிதாக வந்தது அடியில் போகும், பழையது மேலே வரும், தைக்கிறவர் மேலிருந்தே எடுப்பார். பிடித்த நிறத்துக்காக அடியில் கைவிட வேண்டாம். (விடுவீர்கள் என்று தெரியும், எடுத்ததை எழுதிவிட்டு எடுங்கள்.) ஓராண்டு ஆகியும் போகாத கட்டு இருந்தால் அது நமக்கு வேண்டாதது என்று பொருள். தேவைப்படுகிற வேறு இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இந்தக் கணக்கு நம் இதழில் வெளிவரும்.

கூலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். போர்வை இனாம்; தைக்கிற கை இனாம் அல்ல. இங்கே இருக்கிற தாய்மார்களில் பலர் சுளகை மடியில் வைத்து ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள். இருமல் வந்து அதை விட்டவர்களும் இருக்கிறீர்கள். தருமக் காரியம்தானே என்று உங்களிடம் ஓசியில் வேலை வாங்குவது நமக்கு உடன்பாடில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி எழுதி ஒட்டப்படும். போர்வை வந்த அன்றே கையில் கிடைக்கும். ஜகாத் பணம் வேலைக்குக் கூலி ஆகாது என்பதால், இந்தத் தொகை பொது நன்கொடையிலிருந்து மட்டுமே போகும். துணி கொடுக்க முடியாதவர்கள், அல்லது நம் வரம்பு நிறைந்த பிறகு வருகிறவர்கள், ஒரு போர்வையின் கூலியை ஏற்றுக்கொள்ளலாம். வெளியூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் சகோதரர்கள் மூட்டை அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும் இதையே எழுதியிருக்கிறோம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடியில் தராசு வைக்கப்படும். இதுவரை வந்த மூட்டைகளை அன்று பிரிக்கிறோம். கத்தரிக்கோலும் மூக்குக் கண்ணாடியும் அவரவர் கொண்டுவரவும். காந்தமும் அளவுநாடாவும் அங்கே இருக்கும். மூட்டை கொடுத்த வீட்டிலிருந்து ஒருவராவது வந்து, வெட்டலாமா கூடாதா என்று சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.